ஆலங்கட்டியா, சுத்தியலா

வெர்னா கொலாரிக்கை ஏமாற்றிய கூரை அயோவா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கூரை ஏறிப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே ஊரில் பாதிப் பேர் எங்கள் கூரை போச்சு என்று வந்து நிற்பார்கள். வெர்னா ஏணி வைத்து ஏறி, முழங்காலிட்டு, ஒவ்வொரு பள்ளமாகத் தடவிப் பார்ப்பாள். ஆலங்கட்டி கண்ட இடத்தில் விழும். ஒன்று ஆழமாக இருக்கும், ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கும், ஒரு மூலையில் கொத்தாகக் கிடக்கும். காப்பீட்டுப் பணத்துக்காகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறியவன் மட்டும் வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் அடித்து வைத்திருப்பான். மனுஷன் பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்லுவான் என்பது அவளுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவளை மினசோட்டாவில் இருக்கிற லிண்டல் கல்லூரிக்கு, புதிதாகத் தேர்வான பிள்ளைகளின் பெற்றோரை அழைக்கும் நாளில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள் மகள் டெஸ்ஸா. போயிருக்கவே கூடாதுதான். ஆனால் வேறு வழியில்லை. டெஸ்ஸாவுக்குச் செல்லோ வாத்தியமும் வேண்டும், வேதியியலும் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேட்டதற்கு, ஆய்வுக்கூட நேரமும் இசைக்குழு நேரமும் மோதும், ஏதாவது ஒன்றைத்தான் முதன்மைப் பாடமாக எடுக்கலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். லிண்டலில் மட்டும் இரண்டையும் எடுக்கலாம் என்றார்கள். வேதியியல் இல்லாமல் வெறும் செல்லோ என்ற பேச்சுக்கே வெர்னா வீட்டில் இடமில்லை. இடத்தை உறுதி செய்ய இந்த மாதக் கடைசிதான் கெடு.

"எல்லாரும் முடியாதுன்னு சொல்றத இவங்க மட்டும் முடியும்னா, அங்க ஏதோ இருக்கு," என்றாள் வெர்னா, காரை நிறுத்தும்போதே.

"அம்மா, தயவுசெஞ்சு இன்னிக்கு ஒரு நாளைக்கு யார் கூரையிலயும் ஏறாத."

வாசலிலேயே எலுமிச்சை கேக் கொடுத்தார்கள். வெர்னா வாங்கவில்லை. சுற்றிக்காட்ட வந்த ஒல்லிப் பையன் கூட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தான். இந்த ஊர்க் கல்லூரிகளில் வழிகாட்டிகள் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். வெர்னாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "நம்ம முகத்தையே பாக்குறான் பாரு. எந்த ஜன்னல எட்டிப் பாத்தோம்னு கணக்கெடுக்குறான்," என்று மகளின் காதில் சொன்னாள்.

வேதியியல் பேராசிரியர் ஒருவர், நரைத்த தாடி, சட்டைப் பையில் மைக்கறை, நேரே வந்து டெஸ்ஸாவைப் பெயர் சொல்லி அழைத்துக் கைகுலுக்கினார்.

"பேர நெட்டுருப் போட்டு வச்சிருக்கான்."

"என் அப்ளிகேஷன படிச்சிருப்பார்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் வருடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வருடம் வரைக்கும் முதன்மைப் பாடம் எது என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை. வெர்னாவுக்கு இது சுத்தமாகப் பொறுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்காமலே பில் போடுகிற கடையை அவள் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது வேறு விஷயம். ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பெண் எதையோ கொதிக்க வைத்துக் காட்டினாள். கட்டை விரலில் நீல நிற பிளாஸ்திரி. அடுத்து இசைக்கூடத்துக்குப் போனார்கள். கடைசி வரிசையில் ட்ராம்போன் ஊதிக்கொண்டிருந்தவளின் கட்டை விரலிலும் நீல பிளாஸ்திரி. மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டை நீட்டினால், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தை அள்ளி வைத்த கையிலும் அதே நீல பிளாஸ்திரி.

வெர்னாவுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. மாட்டினார்கள். மொத்தமே பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கட்டடத்துக்குப் பின்புறமாக ஓடவிட்டு, உடுப்பை மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள்!

"ஏம்மா, உனக்கு எவ்வளவு குடுக்குறாங்க?" என்றாள், வரிசையே திரும்பிப் பார்க்கும்படி.

"இங்க பரிமாறுறதுக்கா மேடம்?"

"நடிக்கிறதுக்கு. காலையில கண்ணாடி, அப்புறம் ஊதுகுழல், இப்ப கரண்டி. உங்க ஆளுங்க வேற மூஞ்சியாவது தேடியிருக்கலாம்."

டெஸ்ஸாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, போதும்!"

அந்தப் பெண் சிரித்தாள். ப்ரிட்டா என்று மார்பில் பெயர் அட்டை குத்தியிருந்தது. "மேடம், இது சின்னக் காலேஜு. இங்க எல்லாரும் எல்லாத்தையும் செஞ்சாத்தான் வண்டி ஓடும். நான் வேதியியலும் இசையும் சேத்து எடுத்திருக்கேன், மூணாவது வருஷம். இந்தக் கரண்டி என் கைச்செலவுக்கு. சாயங்காலம் பந்து விளையாடுவேன், அங்கயும் வந்து புடிங்க."

வெர்னா அவளை நன்றாகப் பார்த்தாள். நெற்றியில் கண்ணாடிப் பட்டையின் தடம் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. உதட்டைச் சுற்றி ட்ராம்போன் பதிந்த வளையம். ஏப்ரனை உள்வெளியாக மாட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், அதுவும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எதுவும் சீராக இல்லை. ஆலங்கட்டிதான். வெர்னாவுக்கு ஏமாற்றமாக இருந்தது, அதை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

ஆனாலும் கடைசிக் கேள்வி ஒன்று கேட்காமல் அவள் எந்தக் கூரையிலிருந்தும் இறங்கியதில்லை.

"சரி. ரெண்டுல ஒண்ண விட்டுத்தான் ஆகணும்னா எதை விடுவ?"

"வேதியியல்," என்றாள் ப்ரிட்டா. யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஐயையோ. எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். உங்களுக்கு அவரத் தெரியாதுதான். இருந்தாலும் சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"இங்க ரெண்டு பாடம் எடுக்கிறவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான். ஒண்ணு நமக்கு, ஒண்ணு வீட்டுக்கு." அடுத்தவரின் தட்டில் அள்ளி வைத்தாள்.

வெர்னா சிரித்தபடி மகள் பக்கம் திரும்பினாள். டெஸ்ஸா சிரிக்கவில்லை. தட்டில் இருந்த பச்சை ஜெல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் காரில் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் இன்னும் விதைக்காத சோள நிலம். வெர்னாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"உன்னையும் கேக்குறேன். ஒண்ண விடணும்னா எதை விடுவ?"

"ரெண்டும் வேணும்மா. வேதியியல் எதிர்காலத்துக்கு நல்லது. செல்லோ மனசுக்கு நல்லது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்."

டக். டக். டக். ஒரே இடைவெளி, ஒரே ஆழம்.

வெர்னா வீட்டு இரவுகளை நினைத்துப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் வேதியியல் புத்தகத்தைத் திறப்பாள் டெஸ்ஸா. நேரம் முடிந்ததும் மூடுவாள். தினமும் அப்படியே, ஒரு நாளும் கூடாது, குறையாது. எவ்வளவு ஒழுங்கான பெண் என்று வெர்னா அலுவலகம் முழுக்கப் பீற்றியிருக்கிறாள். செல்லோவுக்கோ நேரம் காலம் கிடையாது. பல் துலக்கும்போது முணுமுணுப்பாள், சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டுவாள். இப்போதுகூட அவள் இடது கை விரல்கள் சீட் பெல்ட்டின்மேல் அழுத்தி, வழுக்கி, தாவிக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியாது.

தன் வீட்டுக் கூரையில் மட்டும் ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என்னையேவா! பிறகு அந்தச் சுத்தியலை மகள் கையில் கொடுத்தது யார் என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. சாலையோரச் சரளையில் காரை நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளா?"

"எது?"

"நடிக்காதடி. நான் யாருன்னு உனக்குத் தெரியும்."

டெஸ்ஸா ஜன்னலைப் பார்த்தாள். "ஒன்பதாவதுல அறிவியல் கண்காட்சியில பரிசு வாங்கினேன்ல. அன்னிக்கு நீ அழுத. சந்தோஷத்துல. நீ அழுது நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல."

"அதுக்காகவா?"

"செல்லோ கச்சேரிக்கு வந்தா கதவோரமா உக்காந்து வாட்ச்சயே பாத்துட்டிருப்ப நீ."

உண்மைதான். ஒவ்வொரு கச்சேரியிலும் பார்த்திருக்கிறாள். ஒரு தானிய லாரி காரையே உலுக்கிவிட்டுக் கடந்து போனது.

"அப்ப செல்லோ மட்டும் எடுக்கிறேன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ விட்டிருப்பியா?"



"அந்தத் தாடிக்காரர் சொன்னாரே," என்றாள் வெர்னா, எஞ்சினை அணைத்துவிட்டு. "ரெண்டாவது வருஷம் வரைக்கும் எந்தப் பாடம்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு."

"ஆமா."

"எங்கிட்டயும் சொல்லாத. போன எடு. லிண்டல உறுதி பண்ணிடு."

டெஸ்ஸா போனை எடுத்தாள். விரல் திரைக்கு மேல் நின்றது. அம்மாவைப் பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கும்மா?"

"ஒண்ணும் இல்லடி."

"எதுக்கு இப்ப திடீர்னு? வீட்டுக்குப் போனதும் மாத்திப் பேசுவியா? வேற வழியில தடுப்பியா?"

வெர்னாவுக்கு அழுகை வந்தது. தன்னிடம் சத்தியம் செய்த எத்தனையோ பேரை அவள் ஏணியடியில் நிற்க வைத்திருக்கிறாள். நான் பொய் சொல்லவில்லை என்று ஒருவர் எப்படித்தான் காட்டுவார்? அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், துடைக்காமலே இறக்கினாள்.

டெஸ்ஸா இன்னும் அழுத்தவில்லை. சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, அம்மாவின் முகத்தை ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். வெர்னா காருக்குள் இருந்த விளக்கைப் போட்டுவிட்டு, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.