விருந்துக்கு ஒரு எதுகை

மருந்து என்கிற வார்த்தையை மாதவராஜ் பாட்டில் எடுத்துப் போட்டதற்கு ஒரே காரணம், மேல்வரியில் விருந்து வந்துவிட்டது. வேறு ஒரு மண்ணும் கிடையாது.

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் அவனுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே ரோட்டில் தகரக்கூரை போட்ட சபையில் கீபோர்டு வாசித்துப் பாடல் ஆராதனை நடத்துவான். ஒரு மத்தியானம் யாருடையதோ உடைந்த டிஸ்பிளேவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, “உம் சமுகம் ஒன்றே எனக்கு விருந்து” என்று வாயில் தானாக வந்தது. கடவுளின் சன்னிதியே விருந்து என்கிற நல்ல வரிதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வரி வேண்டுமே! பருந்து, வருந்து, மருந்து என்று மனசுக்குள் துழாவினான். பருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருந்து என்று போட்டால் பாட்டு இழுக்கும், சபையில் ஒருத்தர்கூட எழுந்து நிற்க மாட்டார். “இனி எனக்கெதுக்கு மருந்து” என்று முடித்தான். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் பாட்டு ரெடி. வேதத்தில் எங்கேயாவது அப்படி இருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் மாசத்துக்கு ஒரு பாட்டு எப்படி இறக்குவது?

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. வாணியாறு அணைக்கட்டு மேல் வெள்ளைச் சட்டை போட்டு, கையை விரித்து அவனை நிற்க வைத்து, ட்ரோன் விட்டு வீடியோ எடுத்தார்கள். மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றுகிற டெம்போவில் ஓடியது, பொம்மிடியில் கல்யாண வீட்டில் ஓடியது, யார் யாருக்கோ காலர் டியூன் ஆனது. மாதவராஜ் கொஞ்சம் மிதந்தான். மிதக்காமல் என்ன செய்வான், அவனும் மனுசன்தானே.

அவன் போட்ட பாட்டெல்லாம் இந்த ரகம்தான். உயர்த்துவீர், திறப்பீர், நொறுக்குவீர், தருவீர். சத்துரு, அதாவது சாத்தான், ஓடுவான், வெட்கப்பட்ட இடத்தில் தலை நிமிரும். சிலுவை அரை வரி வரும், அதுவும் கோரஸுக்குப் போகிற வழியில். கண்ணீர் என்று ஆரம்பித்தால் அடுத்த அடிக்குள் அதைத் துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கே டிரம்ஸ் சேர்கிறது. சபைக்கும் அதுதான் பிடித்திருந்தது. வாரம் முழுக்கக் காட்டிலும் கல்லுடைக்கிற இடத்திலும் வெந்துவிட்டு வருகிற சனத்துக்கு, ஒரு நாளாவது ஜெயித்த மாதிரி இருக்க வேண்டாமா? இருக்கட்டும். ஆனால் ஜெயிக்காதவன் அங்கே என்னத்தைப் பாடுவான் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் அக்கா வெண்மதி மட்டும் ஒரு தடவை கேட்டாள். பக்கத்து ஊரில் அங்கன்வாடி டீச்சர் அவள். ரெண்டு கிட்னியும் போய்விட்டது. தர்மபுரிப் பெரியாஸ்பத்திரிக்கு வாரத்தில் ரெண்டு நாள் பஸ் ஏறிப்போய் டயாலிசிஸ் மிஷினில் படுத்துவிட்டு வருவாள்.

“ராஜு, வேதத்துல ஒருத்தரு, ஏன் என்னை மறந்துட்டீங்கன்னு கடவுளையே கேட்டு அழுவறாரே, அதுக்கு ஒரு மெட்டுப் போடேன்டா. மிஷின்ல படுத்திருக்கறப்ப பாடிக்கிறன்.”

“அதெல்லாம் செட்டாவாதுக்கா. கை தட்ட முடியாது.”

“தட்டாட்டி என்னா இப்ப? ஊசி குத்திக் குத்தி வீங்கின கை, இதுல தட்டிட்டாலும்...” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அதோடு அதை மறந்தும் போனான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் வெண்மதி மைக் பிடித்தாள். கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதுதான் சாட்சி. சொன்னால் சொன்னதுதான். கொடுத்த சாட்சியை ஒருத்தர் திரும்ப வாங்கிக்கொண்டதாக அந்தச் சபையில் சரித்திரமே கிடையாது.

“போன தடவ மிஷின்ல படுத்திருந்தங்க. காதுல என் தம்பி பாட்டு ஓடுச்சு. ‘இனி எனக்கெதுக்கு மருந்து’ன்னு வந்தப்ப உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அது எனக்குன்னே வந்த வார்த்தைங்க. இனிமே வர்லீங்கன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு வந்துட்டன். நான் சுகம் வாங்கிட்டன்!”

மாத்திரைப் பையைக் கொண்டுபோய்ப் பிரசங்க மேடைக்குக் கீழே வைத்தாள். கூரை அதிரக் கை தட்டினார்கள். மாதவராஜுக்கு, ஐயோ அக்கா, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பாஸ்டர் நவநீதன் அவன் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். பாட்டை எடு என்று அர்த்தம். அவன் விரல்கள், பழக்க தோஷம், தானாகப் போய் அந்தப் பாட்டின் முதல் கட்டைகளில் உட்கார்ந்தன. சனம் பாட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குச் சாயந்திரமே அக்கா வீட்டுக்கு ஓடினான். வாசலிலேயே அவள் புருசன் முனிராஜ் நின்றுகொண்டிருந்தார்.

“வாய்யா பாட்டுக்காரா. நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. எழுதினவன் நீதான, வந்து நீயே சொல்லு.”

வெண்மதி கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. அதைப் பார்க்கத்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அக்கா, அந்த வரி சும்மா எழுதினதுக்கா. மேல விருந்துன்னு வந்துச்சு, கீழ மருந்துன்னு போட்டன். எதுகைக்குப் போட்டது. சத்தியமா அவ்ளோதான்.”

“நீ அப்படி நெனச்சுக்கிட்டிருக்கற.” கீரையை வைத்துவிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாள். “எழுதினது நீயாடா? பேனா புடிச்சது நீ. ஆவியானவரு எழுதினாரு.”

“கடையில ஒக்காந்து டிஸ்பிளே மாத்திக்கிட்டே எழுதினன்க்கா!”

“மீன் புடிச்சிக்கிட்டிருந்தவங்களத்தான அவரு கூப்புட்டாரு.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். காலில் விழட்டுமா என்று கேட்டான். அவள் குரலை இறக்கி, முனிராஜுக்குக் கேட்காமல் சொன்னாள்: “எனக்கு வெறுத்துப்போச்சு ராஜு. அந்த பஸ்ஸு, அந்த மிஷினு, வந்து படுத்தா எந்திரிக்க முடியல. எத்தினி வருசம்டா? உம் பாட்டு வந்தப்ப, போதும் வான்னு யாரோ கையப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அதயும் பொய்யின்னு சொல்லாத. இப்ப நான் திரும்பப் போனா, அத்தினி பேரு முன்னால கடவுளப் பொய்யராக்கின மாதிரி ஆயிராதா?”

அவன் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனான். நவநீதன் கெட்டவர் இல்லை. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு முதலில் வந்து நிற்கிறவர்தான். சர்க்கரை போடாத டீயும், சர்க்கரைக்கான மாத்திரையுமாக உட்கார்ந்திருந்தார்.

“பாஸ்டர், நீங்க ஒரு வார்த்த சொன்னா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிரும்ங்க.”

“தம்பி, போவாதன்னு நான் எப்ப சொன்னன்? ஒருத்தர் விசுவாசத்துல நிக்கறப்ப, நான் போயி அத ஒடைக்க முடியுமா? நாளைக்கு தேவன் என்னையில்ல கேப்பாரு.”

“நீங்க மாத்திர சாப்புடறீங்களே.”

நவநீதன் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. வாயில் போட்டு டீயைக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: “அந்த வரிய நான் எழுதலியே தம்பி.”

மாதவராஜுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டான். யூடியூபில் இருந்து பாட்டைத் தூக்கினான். அதனால் என்ன ஆயிற்று? ஆளாளுக்குப் போனில் வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறுக்குள் அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு சபைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாதவராஜ் கீபோர்டைத் தொடவில்லை. மைக்கைப் பிடித்து, நா குழறாமல், எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னான்: “அந்தப் பாட்டு தப்பு. நான் எதுகைக்கு எழுதினது. வேதத்துல அப்படி இல்ல. நோய் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கக்கா சாவப்போவுது. யாராச்சும் அதுகிட்ட சொல்லுங்க.”

சபை அமைதியாயிற்று. அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தான். பின்வரிசையில் கண்ணம்மாள் என்று ஒரு அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு, “பாவம், எப்படிப் பாடின புள்ள! சத்துரு புடிச்சு ஆட்டறான் பாருங்க” என்று அழ ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒவ்வொருத்தராக எழுந்து வந்து அவனைச் சூழ்ந்துகொண்டு, தோளில் முதுகில் கையை வைத்து, சந்தேகத்தின் ஆவி அவனை விட்டு ஓடும்படி ஜெபித்தார்கள். மனசார ஜெபித்தார்கள், அதுதான் கொடுமை. ஒரு கை அவன் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. கனமாக, பன்னு மாதிரி வீங்கியிருந்த கை. நிமிர்ந்து பார்க்காமலே யாருடையது என்று தெரிந்தது.

“ஆண்டவரே, எந்தம்பி சின்னப்பையன், அவன மன்னிச்சிருங்க” என்றாள் வெண்மதி, மூச்சு வாங்க வாங்க.

அதற்கப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கால் வீக்கம் முகத்துக்கு ஏறியது. சோறு இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஒரு காலையில் பேச்சுக் குளறவும், முனிராஜ் அவள் சொல்லைக் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, மாதவராஜையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போனார். இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மிஷினைத் தாங்குகிற நிலைமையில் உடம்பு இல்லை என்றும் சொன்னார்.

மத்தியானம் முனிராஜ் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார். வெண்மதி கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை அந்தத் தெளிச்சி முகத்தில் இல்லை.

“ராஜு, பயமா இருக்குடா.”

“ஒண்ணும் ஆவாதுக்கா.”

“ஆவும். எனக்குத் தெரியுது.” மூச்சுக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். “மேடையில சொன்னதெல்லாம்... என்னா ஏதுன்னு இப்ப எனக்கே தெரியலடா. அவரு பேசவே மாட்டங்கறாரு. ஒரு பாட்டுப் பாடு. சாவறவங்களுக்குன்னு ஒரு பாட்டுப் பாடு.”

மாதவராஜ் தேடினான். உண்மையாகவே தேடினான். தான் எழுதினது, மத்தவர்கள் எழுதினது, யூத் மீட்டிங்கில் பாடினது என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒன்றில் வாசல் திறந்தது, ஒன்றில் சத்துரு ஓடினான், ஒன்றில் வருசமெல்லாம் நன்மை வந்தது. பயந்துபோன ஒரு மனுசி பிடித்துக்கொள்ள ஒரு அடி இல்லை. சின்ன வயசிலிருந்து அவன் வாயில் ஓடியதெல்லாம் பாட்டுதான், அத்தனையும் சேர்ந்து இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கத் துப்பில்லை.

“அன்னிக்குக் கேட்டனே... அந்த அழுவறவரு பாட்டு?”

“அது போடலக்கா.”

“போடலியா.” அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “சரி வுடு. இருக்கறதயே பாடு.”

அவன் அவள் காதோரம் குனிந்து, டிரம்ஸ் இல்லாமல், கீபோர்டு இல்லாமல், “உம் சமுகம் ஒன்றே எனக்கு விருந்து” என்று பாடினான். அடுத்த வரிக்கு வாய் வரவில்லை. மறுபடி முதல் வரியையே பாடினான். மறுபடியும் அங்கேயே நின்றான். அடுத்தது வரும் என்று அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் மருந்தோடு திரும்பி வந்தபோதும் அவள் கண் அப்படியேதான் திறந்திருந்தது, ஆனால் மூச்சு இல்லை.

அடக்கத்துக்கு முழுச் சபையும் வந்திருந்தது. நம் சகோதரி பரிபூரண சுகம் பெற்று மகிமைக்குள் போய்விட்டார் என்று பாஸ்டர் ஜெபித்தார். குரல் உடைந்து அவரே அழுதார். பெட்டியைக் குழியில் இறக்கும்போது யாராவது பாட வேண்டும் இல்லையா? எல்லாரும் மாதவராஜைப் பார்த்தார்கள். அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணம்மாள்தான் எடுத்தாள். அக்காவுக்குப் பிடித்த பாட்டு என்று, அதையேதான் எடுத்தாள். சனம் சேர்ந்துகொண்டது. முதல் கோரஸ் அழுகையோடு போயிற்று. ரெண்டாவது கோரஸில் பின்னால் யாரோ கை தட்ட ஆரம்பிக்க, அந்த மெட்டு அப்படி, எல்லாக் கையும் தட்டியது.

முனிராஜ் கையில் மண்ணை அள்ளியவர், போடாமல் அவனிடம் திரும்பினார்.

“இதுக்கு வேற பாட்டே இல்லியாடா உங்ககிட்ட?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாதவராஜ் தலையைக் குனிந்தான். கீழே, குழியோரத்து ஈரமண்ணில், அவனுடைய வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.