பூசை முடிந்ததும் இரண்டு மாத்திரை

ஞானகுமாரியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஹெலினாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷ நர்ஸ் வேலையில் சீழும் மலமும் பார்த்துப் பழகியவள்தான். ஆனாலும் உதட்டிலிருந்து தொண்டைவரை தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாய்ப் புண் பூத்துக் கிடந்த அந்த வாயை ஒரு தரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. போன புதன்கிழமை போனில் சிரித்துப் பேசிய வாய் அது.

கட்டிலுக்கு நாலடி தள்ளி, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார் எட்மண்ட், ஞானகுமாரியின் புருஷன். திருமுல்லைவாயிலிலிருந்து ஆட்டோ பிடித்து அம்பத்தூர்வரை கூட்டி வந்ததே பெரிய உபகாரம் என்பது போல முகம். நாற்றம் தாங்கவில்லை என்று மூன்று நாளாக அவளைத் தனியாக ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டாராம். அதையும் வெட்கமில்லாமல் அவரே சொன்னார். விரல் மடங்காத கையால் அவள் ஆக்கிப்போட்டதை இத்தனை வருஷம் தின்றவர். தூ, இதெல்லாம் ஒரு மனுஷ ஜென்மமா என்று ஹெலினா மனசுக்குள் காறித் துப்பினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளை அணு எண்ணூறு. நாலாயிரமாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்ணூறு. ட்யூட்டி டாக்டர், மூட்டுவாத மாத்திரைதான் உடம்பில் விஷமாகியிருக்கும் என்று அதற்கு முறிவு மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, சாதாரணச் சளி பிடித்தால்கூட இந்த உடம்பு தாங்காது, மூன்று நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று போய்விட்டார்.

ஞானகுமாரிக்கு முடக்குவாதம். ஆறு வருஷமாக ஹெலினாவின் பட்டியலில் இருப்பவள். மூட்டுவாத டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாளில் நூற்று அறுபது பேருக்கும் ஹெலினாதான் எல்லாம். மூட்டு மூட்டாக அழுத்தி எங்கே வீக்கம், எங்கே வலி என்று எண்ணுவதும், ரத்தம் எடுக்க வைப்பதும், மாதம் ஒரு தரம் போன் போட்டு விசாரிப்பதும் அவள் வேலை. அவள் பார்த்து யாரை அனுப்புகிறாளோ அவர்களைத்தான் டாக்டர் பார்ப்பார்.

இந்த நோய்க்குக் கொடுக்கிற முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் விஷம். அதற்கு ஹெலினா ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கிழமை சொன்னால் ஜனங்கள் மறந்துபோவார்கள். பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவருக்கு அதற்கப்புறம். சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்குக் கோயிலிலிருந்து வந்ததும். தன்னைப் போன்ற கத்தோலிக்கர்களுக்கு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும். குவாலிட்டி மேனேஜர் திருமுருகன் இதைப் படம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தார். ஹெலினாவுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

கட்டிலோரம் இருந்த கூடையில் கையை விட்டு மாத்திரை அட்டைகளை எடுத்தாள். சாம்பல் புதனுக்கு முந்தின நாள்தான் மூன்று மாதத்துக்கு இருபத்திநாலு மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தாள். இப்போது இரண்டுதான் மிச்சம். இரண்டே வாரம்கூட ஆகவில்லை.

"அக்கா, இதை எப்போ எப்போ போட்டீங்க?"

ஞானகுமாரி எச்சில் விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க சொன்னா மாதிரிதான் சிஸ்டர். பூசை முடிஞ்சி ஊட்டுக்கு வந்து ரெண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தவக்காலம் இல்ல. டெய்லி பூசைக்குப் போய்கினு கீறேன்."

ஹெலினா அட்டையைத் திருப்பி எண்ணினாள். இருபத்திரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு, பதினோரு நாள்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை நாற்பது நாளும் விடிகாலைப் பூசைக்குப் போகிற பெண்கள் அந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாவற்றிலும் இருப்பார்கள். ஹெலினாவே போகிறாள். இன்று காலையும் போய்விட்டுத்தான் ட்யூட்டிக்கு வந்தாள். அடிப்பாவி, உனக்குத் தோன்றவே இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அது போகட்டும். போன புதன்கிழமை போன்? ஏழு கேள்வி, நாலு நிமிஷம், அதற்கு மேல் போனால் திருமுருகன் விளக்கம் கேட்பார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? பூசை முடிஞ்சதும் மறக்காமப் போடறேன் சிஸ்டர். சரி, டிக். வாயில் புண் உண்டா? லேசா எரியுது, ஒருசந்தி இருக்கேன் இல்ல, சூடு. ஹெலினாவும் ஒருசந்தி இருந்து ஒருவேளைச் சாப்பாட்டில் நோன்பு காப்பவள்தானே, அவளுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இளநீர் குடிங்கக்கா என்று சொல்லிவிட்டு, புண் 'இல்லை' என்று டிக் போட்டாள். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தியிருந்தால் வாய் இப்படி அழுகியிருக்காது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஞானகுமாரி என்ன நினைத்தாளோ, வளைந்துபோன விரல்களால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எம்மேலதான் தப்பு சிஸ்டர். நீங்க கரெக்டாதான் சொன்னீங்க. எனக்குத்தான் புத்தி பத்தல."

அதைவிட அவள் ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

பத்து மணிக்குத் திருமுருகன் கூப்பிட்டார். ஏசி அறை. ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே, டைப் அடித்து வைத்திருந்த தாளை நகர்த்தினார். நோயாளி அறிவுரையை மீறி மருந்தைத் தவறாக உட்கொண்டார் என்று இருந்தது. கீழே ஹெலினாவின் கையெழுத்துக்கு இடம். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது, சுவரில் படம் வேறு மாட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தம்மாவே தன் தப்புதான் என்று ஒத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்குள் எப்படித்தான் காதுக்குப் போகிறதோ!

"பூசைன்னா ஞாயித்துக்கிழமைதானேம்மா? சீட்டுலயும் வாரம் ஒரு முறைன்னு இருக்கு."

ஹெலினா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில் படிக்கின்றன. ஞானக்காவே சொல்லிவிட்டாள். யார் கேட்கப்போகிறார்கள்? அப்படித் தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற எட்மண்டுக்கும் தனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவர் நாலடி தள்ளி நின்றார். இவள் ஒரு கையெழுத்துத் தள்ளி நிற்கப் பார்க்கிறாள்.

அதோடு இன்னொன்றும் உறைத்தது. நோயாளி தப்பு என்று எழுதினால் விஷயம் ஞானகுமாரியோடு முடிந்தது. சொல்லிக்கொடுத்ததே தப்பு என்று எழுதினால், அதே மாதிரி சொல்லிக்கொடுத்த எல்லாரையும் இன்றைக்கே கூப்பிட்டாக வேண்டும். பூசை முடிந்ததும் போடுங்கள் என்று அவள் பதினோரு பேரிடம் சொல்லியிருக்கிறாள். இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

"தவக்காலத்துல தினமும் பூசை உண்டு சார். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம விட்டேன்."

டைப் அடித்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பூசை முடிந்ததும் போடச் சொன்னது நான், ஞாயிறு மட்டும் என்று சொல்லவில்லை, புதன்கிழமை வாய் எரிகிறது என்று சொன்னதையும் இல்லை என்று பதிந்தேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திருமுருகன் என்னவோ இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

தன் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டாள். முதல் மூன்று பேரும் ஞாயிறு பூசைக்கு மட்டும் போகிறவர்கள். நாலாவது எண், கோவில்பதாகையில் இருக்கிற தேவா. வெல்டர். இரண்டு மணிக்கட்டிலும் வீக்கம். மனைவி செத்துப்போனதிலிருந்து கோயிலே கதி என்று இருக்கிற மனுஷன்.

மாத்திரை எப்படிப் போடுகிறீர்கள் அண்ணா என்று கேட்டாள்.

"ஒரு நாள்கூட மிஸ் பண்ணல சிஸ்டர். இன்னிக்குக் காலீலகூட பூசை முடிச்சிகினு வந்து போட்டேன்." குரலில் சந்தோஷம். எப்போதும் அவள் சூப்பர் அண்ணா என்று பாராட்டுவாள், அதற்காகக் காத்திருந்தார். "இன்னா சிஸ்டர், கரெக்டாதானே போடறேன்?"

அன்றைக்குத் திங்கட்கிழமை.

"இல்லண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். இனிமே அத்தத் தொடாதீங்க. இப்பவே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க."