நனைந்த சட்டை

கண்ணுச்சாமியின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். விஷ முறிவு ஊசி ஏறினால் பிதற்றுவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். விரல்கள் மட்டும் காற்றில் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு குடிச்சார்?" டாக்டரம்மா கேட்டாள்.

"குடிக்கலைங்கம்மா" என்றாள் செல்லக்கிளி. "எம்வீட்டுக்காரரு கொட்டாம்பட்டியில கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனாரு. முதுகுல மாட்டுன டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சிருச்சு. அந்தச் சட்டையோடயே மத்தியானம் வரைக்கும் அடிச்சிருக்காரு."

டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தாள். பக்கத்துக் கட்டிலில் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் திரும்பினாள்.

"எல்லாரும் மொதல்ல அப்பிடித்தேன் சொல்றாக தாயி. நானும் மகளுக்கு வயித்துவலின்னுதேன் சொன்னேன்."

காலையில் கண்ணுச்சாமியிடம் செல்லக்கிளி சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. 'நீ இருந்தும் ஒண்ணுதேன், இல்லாட்டியும் ஒண்ணுதேன்.' அவன் கஞ்சியைத் தொடாமல் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். வரப்பில் விழுந்து கிடந்தவனைத் தோட்டக்காரர் தூக்கி வந்தார். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தவர் இல்லை.

அவன் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவியபோது கழற்றிய சட்டையை நர்ஸ் ஒரு பையில் போட்டு, வெளியே வீசச் சொன்னாள். செல்லக்கிளி வீசவில்லை. கொழுந்தன் நல்லகாமன் பஸ் ஏறிவிட்டான். வந்ததும் 'எங்கண்ணனை என்ன சொன்னே?' என்றுதான் கேட்பான். பையிலிருந்து சட்டையை உருவி மடியில் விரித்துப் பார்த்தாள். முன்பக்கம் காய்ந்திருந்தது. முதுகுதான் சொதசொதவென்று இருந்தது. முதுகால் யாரும் குடிக்க முடியாது. பிழிந்துகூடப் பார்த்தாள். பிறகு சுருட்டி முந்தானைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ரவிக்கை ஈரமானது.

பஸ் மேலூரைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வாயில் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறியது. காலையிலிருந்து பட்டினி, அதனால்தான் என்று எண்ணினாள். ட்யூப்லைட்டைச் சுற்றிப் புகை படர்ந்தாற்போல் இருந்தது.

"ஏத்தா, உனக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது?" பாண்டியம்மாள் விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "சிஸ்டர்! இங்க வாங்க!"

நர்ஸ் ஓடிவந்து செல்லக்கிளியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். முந்தானையை விலக்கினாள்.

"அடிப்பாவி! இத வீசச் சொன்னேன்ல? மருந்து தோல் வழியா ஏறும், விடும்மா!"

"இதக் காட்டணும்... அவரு குடிக்கல..."

நாக்கு குழறியது. நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் காலர் பொத்தான் துளைக்குள் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.