ஓபல் காட்டிய மூலை

மேலே இருக்கும் நிலம் ஓபல் ஸ்ட்ரெங்குடையது. அடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் என்னுடையவை. என் அப்பா ஓபல் குடும்பத்துக்கு நிலத்தை விற்றபோது அடியில் இருப்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். அமெரிக்காவில், எங்கள் மேற்கு ஓக்லஹோமா பக்கம் இது சகஜம்.

பதினோரு வருடத்துக்கு முன்பு ஓர் எண்ணெய்க் கம்பெனியோடு முதல் குத்தகையில் கையெழுத்துப் போட்டபோது நான் ஒரே ஒரு வரியைத்தான் ஒழுங்காகப் படித்தேன்: என் பங்கு எவ்வளவு என்ற வரி. எண்ணெய்க் கிணறு வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளியிருந்தால் போதும் என்றும் அதில் அச்சாகியிருந்தது. என் வீடு இல்லையே என்று தாண்டிப் போய்விட்டேன். கம்பெனி சரியாக இருநூறு அடி அளந்து, ஓபலின் படுக்கையறைக்கு எதிரே தோண்டியது. எண்ணெய் இறைக்கும் எஞ்சின் இரவும் பகலும் இரைந்தது. அவருடைய குடிதண்ணீர்க் கிணற்றில் வாடை வந்தது. அவர் கணவர் ரேஃபர்ட் நோயில் விழுந்து, கடைசி வருடம் முழுக்க அந்த இரைச்சலுக்குள்தான் படுத்திருந்தார். எனக்கு மாதம் தவறாமல் காசோலை வந்தது.

ஓபல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்ச்சில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எண்ணெய்க் கிணறு வற்றியது, குத்தகையும் முடிந்தது. இந்த வசந்தத்தில் வேறொரு கம்பெனியின் ஆள், கோல்பி என்ற பையன், என் சமையலறை மேஜையில் புது ஒப்பந்தத்தை விரித்தான்.

“எல்லாரும் போடுற வழக்கமான பேப்பர்தான் சார். உங்களுக்கு நாலுல ஒரு பங்கு.”

“வழக்கமான பேப்பர்ல ஏற்கெனவே ஒரு தடவை பட்டாச்சு தம்பி. பேனாவைக் கொடு.”

ஓரத்தில் எழுதினேன்: தோண்டும் இடத்துக்கு ஓபல் ஸ்ட்ரெங் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

அவன் தலையைச் சொறிந்தான். “அந்தம்மாவுக்கு இதுல பங்கே இல்லையே சார். சட்டப்படி அவங்களைக் கேக்கவே வேண்டாம்.”

“தெரியும். போன தடவை கேக்கலை.”

வெளியே போய் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தான். “ஒத்துக்கிறாங்க. ஆனா அஞ்சுல ஒரு பங்குதான். பத்து வருஷத்துக்குப் பாத்தா ஒரு வீடு வாங்குற காசே போயிடும் சார். யோசிச்சுக்குங்க.”

அவ்வளவு பணத்தை விட மனசு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். “எழுது,” என்றேன்.

கோல்பியோடு ஓபல் வீட்டுக்குப் போனேன்; அவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் வண்டியில் ஏறினார்.

நிலத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். வடகிழக்கு மூலையில், வேலியோரம் இறங்கி, செருப்புக் காலால் தரையைத் தட்டினார். “இங்க.”

சாலைக்கு அந்தப் பக்கம் என் வீடு. நேர் எதிரே என் படுக்கையறை ஜன்னல். கோல்பி என் முகத்தைப் பார்த்தான்.

“என் கிணத்துத் தண்ணிக்கு ஆபத்தில்லாத இடம் இது ஒண்ணுதான், வெர்லின்,” என்றார் ஓபல் என்னிடம். “ஆனா அதுக்காக மட்டும்தான் சொல்றேன்னு நினைச்சுக்காதே.”

“நினைக்கலை, ஓபலம்மா.”

“ரேஃபர்ட் கடைசி வரைக்கும் தூங்கலை.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இனிமே தெரியும்.”

எனக்கு அழுகை வந்தது. அவர் கோல்பியிடம் பேனாவை வாங்கி, வண்டியின் முன்மூடி மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். காற்றில் பறந்துவிடாமல் நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.