ஏழாவது படியில் ஒரு கேள்வி

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். ஒருநாள் மதியம் வீட்டுச் சாவியை வாங்க வந்த நாத்தனார், வாசலில் நின்றபடியே "அண்ணி" என்று கூப்பிட, நாற்பது தலைகள் திரும்பின. அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் என்றாகிவிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேலாளர்கூட, கூட்டத்தில் சிக்கலான வேலை எதுவும் வந்தால், இதை அண்ணி பார்த்துக்கொள்வாள் என்று கை கழுவிவிடுவார். அவளும் பார்த்துக்கொள்வாள். தன்னால் ஆகாது என்று ஒரு வேலையை அவள் திருப்பிக் கொடுத்ததாக யாருக்கும் நினைவில்லை.

நாத்தனாருக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே ஓடும் இயந்திரத்துக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தது அண்ணியின் கம்பெனி. அண்ணி வேலைக்குச் சேருவதற்குப் பல வருடம் முன்பே எழுதியது. ஆனாலும் இயந்திரம் முரண்டு பிடிக்கும் நாளிலெல்லாம் வீட்டில் அர்ச்சனை விழுவது அண்ணிக்குத்தான்.

அன்று சாயங்காலம் நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க ப்ரோக்ராம் எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுது" என்றாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன்காரன் சிரித்தான். நாத்தனார் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். ஒரு பரிசோதனைக்கு ஒன்பது படிகள், நாற்பது நிமிடம். ஏழாவது படியில் குழாய்க்குள் கடுகளவு காற்றுக்குமிழி வந்துவிடுகிறது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போய்விடும். ஆனால் ப்ரோக்ராம் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. 'பிழை' என்று சிவப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, செய்த ஆறு படிகளையும் மறந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குப் புதிதாக ரத்தம் வேண்டும்.

"பெரிய பசங்கன்னா இன்னொரு தடவை குத்திக்கலாம். இது ஏழாம் மாசத்துல பொறந்தது, கையளவுதான் இருக்கு. இன்னைக்கு ரெண்டு தடவை குத்தினாங்க. அதுகிட்ட மறுபடி மறுபடி எங்க போய் எடுக்கறது?"

அண்ணி அடுப்பை அணைத்தாள். "நாளைக்குப் பாக்கறேன்" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மறுநாள் காலை ப்ரோக்ராமைத் திறந்து பார்த்ததும் கோளாறு எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. உள்ளே ஆழத்தில், குழாயைக் கவனிக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்று, அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யும் ப்ரோக்ராம் துண்டு, 'பிழை' என்று கையை உதறும். உடனே அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன், அதைக் கூப்பிட்டது, அதற்கும் மேலே உள்ளது என்று நாற்பது ஃபங்ஷன்களும் வரிசையாகக் கடையைக் கட்டிவிடும். அதுவரை அளந்து வைத்த அளவு, குறித்து வைத்த நேரம் எல்லாம் அவற்றோடு காற்றில் போய்விடும்.

நாற்பதையும் திருத்தி எழுதலாம். வருடக்கணக்காகும். அண்ணியின் மனதில் வேறொரு வழி இருந்தது. அவர்கள் பயன்படுத்தும் கணினி மொழியின் புதிய பதிப்பில் 'எஃபெக்ட்' என்று ஒரு வசதி வந்திருந்தது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன் கையை உதறாது. "குமிழி இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு, கையில் இருப்பதைக் கீழே போடாமல் அப்படியே நிற்கும். வெளியே, பதில் சொல்வதற்கென்றே 'ஹேண்ட்லர்' என்று ஒன்றை அமர்த்தி வைக்கலாம். அது பதில் கொடுத்ததும், நின்ற வரியிலிருந்தே வேலை தொடரும். நடுவில் இருக்கும் நாற்பதுக்கும் இப்படி ஒரு கேள்வி போனதோ பதில் வந்ததோ தெரியவே வேண்டாம். பதில் சொல்வது யார் என்று கேள்வி கேட்ட ஃபங்ஷனுக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் சொல்லலாம்; அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கும்போது முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பட்டியல் சொல்லலாம்.

கூட்டத்தில் அவள் இதைப் பலகையில் வரைந்து காட்டியபோது, மூலையில் ஒருவர் கையைத் தூக்கினார். அலுவலகத்திலேயே மூத்த ப்ரோக்ராமர். எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் காலை ஊன்றி நிறுத்துவதால் அவருக்குப் பெயர் பிரேக். அது அவருக்கும் தெரியும், கோபம் கிடையாது.

"நின்ன இடத்துக்கே திரும்பி வருதுங்கறீங்க, சரி. ரெண்டு தடவை திரும்பி வந்தா?"

"ஏன் சார் வரப்போகுது? ஒரு கேள்வி, ஒரு பதில்."

"கேள்வி ஒண்ணுதாம்மா. பதில் சொல்றவங்க ஒருத்தர்தானா?"

அண்ணி சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். மேலாளர் ஆறு வாரம் கொடுத்தார். அவள் ஐந்தில் முடித்தாள்.

முதல் ஒத்திகை ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்கு. நாள் கடந்துபோன பழைய ரத்தம். குமிழியை ஊசியால் வேண்டுமென்றே ஏற்றினார்கள். ஏழாவது படியில் இயந்திரம் நின்றது. திரையில் கேள்வி வந்தது. நாத்தனார் முகம் மலர்ந்தது. அவள் குழாயைச் சுண்டிவிட்டு 'தொடர்' என்பதை அழுத்தினாள். ஆனால் அதே கேள்வி பக்கத்து அறையில் தலைமை டெக்னீஷியனின் திரைக்கும் போயிருந்தது. யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் பதில் சொல்லட்டும் என்று, நின்றுபோன வேலையைத் திரைக்கு ஒரு நகலாக எடுத்து வைத்தது அண்ணிதான். அந்த அம்மாளும் நல்ல மனதோடு 'தொடர்' என்பதை அழுத்தினார். இயந்திரம் ஏழாவது படியைச் செய்தது. உடனே இன்னொரு முறை செய்தது. ஒரு பங்கு ஊற்ற வேண்டிய சோதனைத் திரவம் இரண்டு பங்காக விழுந்து, குழாய் வழிந்து, மேசை முழுக்க ஓடியது.

நாத்தனார் துணி எடுக்கப் போனாள். அண்ணி அதை அவள் கையிலிருந்து வாங்கி, மேசையைத் தானே துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் எங்கே சறுக்கினோம் என்பது தெரிந்துவிட்டது. நின்ற வேலை ஒன்றுதான். அதை இரண்டாக்கியவள் அவளே.

அலுவலகம் திரும்பியதும் மேலாளரிடம் நேராகப் போனாள். பிரேக்கும் அங்கேதான் இருந்தார்.

"இவர் அன்னைக்குக் கேட்டதுதான் நடந்துடுச்சு. நகல் எடுத்தது என் தப்பு, முறையில தப்பில்ல. இவரை எனக்கு ரெண்டு வாரம் குடுங்க" என்றாள்.

பிரேக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இதுல நம்பிக்கையே இல்லம்மா."

"அதுக்குத்தான் சார் நீங்க வேணும்."

முதல் நாளே நகலை ஒழித்தார்கள். நின்ற வேலை ஒன்றே ஒன்று. முதல் பதில் வந்து அதை எடுத்துக்கொண்டதும் கதை முடிந்தது. இரண்டாவதாக வரும் பதிலுக்கு, 'ஏற்கெனவே பதில் வந்துவிட்டது' என்று திரை சொல்லிவிடும். அதோடு விடுவாரா பிரேக்? பதிலே வராவிட்டால் என்ன என்று கேட்டார். டெக்னீஷியன் சாப்பிடப் போயிருக்கலாம், போன் பேசப் போயிருக்கலாம். அதுவரை ஊசி குழாய்க்குள்ளேயே நிற்குமா? அண்ணி இதை யோசிக்கவில்லை. ஒத்துக்கொண்டாள். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், ஊசியை மேலே தூக்கி, மிச்ச ரத்தத்தை இயந்திரத்திலேயே உள்ள குளிர்பெட்டிக்குள் அனுப்பி, ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்படி ஹேண்ட்லரை மாற்றினார்கள்.

பிறகு பிரேக் தாமாகவே ஒரு ஹேண்ட்லர் எழுதினார். இயந்திரம் கிடையாது, ரத்தம் கிடையாது. ப்ரோக்ராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பதில் சொல்லும் இடத்தில் மட்டும் அவருடைய வில்லங்கம் பிடித்த ஹேண்ட்லர் உட்கார்ந்திருந்தது. அது தாமதமாகப் பதில் சொல்லும், இரண்டு தடவை சொல்லும், தப்பாகச் சொல்லும், வாயே திறக்காது. ஒரு காலைப் பொழுதுக்குள் மூவாயிரம் பரிசோதனைகள் ஓடின. முதல் நாள் பதினோரு இடத்தில் விழுந்தது. இரண்டாம் நாள் இரண்டு இடம். நான்காம் நாள் ஒன்றுமில்லை. பிரேக் அன்று டீ குடிக்கவே மறந்துவிட்டார். இது நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்தபடி எண்ணிக்கையை ஆறாயிரமாக்கினார். அதிலும் விழவில்லை.

இரண்டாவது ஒத்திகை பிசகில்லாமல் நடந்தது. புது ப்ரோக்ராம் ஆஸ்பத்திரியில் ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, தொள்ளாயிரம் கிராம் எடையுள்ள ஒரு பெண்குழந்தையின் ரத்தம் வந்தது. சில சொட்டுகள்தான். ரத்தத்தில் தொற்று இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தார். கூடவே வார்டு நர்ஸ், இதற்கு மேல் எடுக்க முடியாது என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஏழாவது படியில் குமிழி வந்தது. இயந்திரம் நின்று கேள்வி கேட்டது. நாத்தனார் குழாயைச் சுண்டினாள், குமிழி போய்விட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள், 'தொடர்' என்பதை அழுத்தினாள். பக்கத்து அறையில் தலைமை டெக்னீஷியனும் அழுத்தினார்; அவருடைய பதிலைத் திரை மரியாதையாகத் திருப்பி அனுப்பியது. ஏழு முடிந்தது, எட்டு, ஒன்பது. தொற்று இருந்தது. பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் வார்டில் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது.

உடனே அண்ணியின் போன் அடித்தது.

"அண்ணி, இன்னைக்கு அது கேட்டுச்சு. என்ன பண்ணட்டும்னு கேட்டுச்சு. நான் சொன்னேன். அது பாட்டுக்கு விட்ட எடத்துலேர்ந்து வேலையைப் பாத்துச்சு" என்றாள் நாத்தனார். குழந்தையின் எடையையும் சொன்னாள்.

அண்ணி போனை வைத்தாள். பிறகு எழுந்து பிரேக்கின் மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"எத்தனை பதில் வந்தது?" என்று கேட்டார் பிரேக்.

"ரெண்டு."

"எத்தனையை எடுத்துக்கிட்டுது?"

"ஒண்ணு."

அவர் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை யாரும் கண்டதில்லை.

அந்தக் குழந்தை ஏழு வாரம் கழித்து, இரண்டு கிலோவைத் தாண்டியதும், வீட்டுக்குப் போனது. நாத்தனார் வார்டு வரை நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். அதற்குள் மேலாளர் அடுத்த இயந்திரத்தை அண்ணியிடம் தள்ளிவிட்டிருந்தார். அதில் ப்ரோக்ராம் கையை உதறும் இடங்கள் மொத்தம் பதினேழு. அவள் எண்ணிச் சொன்னதும், பிரேக் யாரும் கூப்பிடாமலே தம் நாற்காலியை அவள் மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.