இருவருக்கு ஒரே விலாசம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் ஓடும். மூளை பின்னால் ஆடி அசைந்து வரும்.

ஆறு வருடம் குழந்தையோடு வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்கு முயன்றேன். ஒரு வாரம் சோதனை. வீட்டிலிருந்தே அலுவலக சர்வருக்குள் நுழைந்து, பழைய கோப்புகளைப் புது இடத்துக்கு மாற்ற வேண்டும். தினமும் பாதியில் இணைப்பு அறுந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே மூன்று முறை.

"நாலு மணிக்குள்ள முடியலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று மேலாளர் போனில் சொல்லிவிட்டார்.

"இந்த வீட்டு நெட்டுக்கு என்னதான் கேடு!" என்று ஒவ்வொரு முறையும் கத்தினேன். கத்திவிட்டுப் போய்ப் பார்த்தால் ரூட்டர் சமர்த்தாக வேலை செய்யும். கேபிளை மாற்றினேன். கணவர்மேல் சந்தேகப்பட்டேன், அவர் ஊரிலேயே இல்லை.

நான்காவது முறை அறுந்தபோது தொண்டை கட்டிப் போயிருந்தது. சத்தமில்லாமல் போனை எடுத்து, ரூட்டரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். வீட்டு நெட்டில் ஒவ்வொரு கணினிக்கும் விலாசம்போல ஒரு எண் உண்டு; என் ஏழாம் எண்ணில் இன்னொரு கணினி உட்கார்ந்திருந்தது. மாமியாருக்குக் கொடுத்த என் பழைய மடிக்கணினி! எந்தக் கணினி வாங்கினாலும் ஏழாம் எண்ணை நிரந்தரமாகப் போடுவது என் கைப்பழக்கம். பழையதில் அதை அழிக்கவில்லை, புதியதிலும் அதையே போட்டிருக்கிறேன். ஒரே விலாசத்தில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

அடுத்த அறையில் மாமியார் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, தினமும் இதத் திறக்கறீங்களா?"

"டைப்பிங் பழகறேம்மா. நீ வேலையா இருக்கறப்ப கூப்பிடாம எழுதி அனுப்பலாம்ல? நீ கத்துனா உடனே மூடிடுவேன், உனக்கு நெட்டு குறையக் கூடாதுன்னு. இன்னைக்கு உன் சத்தமே கேக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய கணினியின் எண்ணை மாற்றினேன்.

"மூடிடட்டுமா?"

"வேணாம் அத்தை. திறந்தே வைங்க. அப்பதான் சரியாச்சான்னு தெரியும்."

மூன்று ஐம்பதுக்குக் கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்தது. "திங்கக்கிழமைல இருந்து நீங்க எங்க ஆளு" என்றார் மேலாளர்.

போனை வைத்ததும் திரையின் மூலையில் ஒரு செய்தி வந்தது, அடுத்த அறையிலிருந்து: "நெட்டு அறுந்துபோகாம நிக்குதாம்மா?"

"நிக்குது அத்தை" என்று அடித்தேன். கண் கலங்கியிருந்ததில் இரண்டு முறை அழித்து எழுத வேண்டியிருந்தது.