ஆறு இறங்கும் மாதங்கள்

"ஆத்துல தண்ணி ஏறிடுச்சுன்னா நான் கிளம்பிடுவேன். இறங்கின பிறகுதான் வீடு. பம்ப் ஸ்டேஷனுக்குப் போற பாதையே முழுகிடும். அதனால கூட வரேன்னு மட்டும் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன். எனக்கு ஒரு சக்களத்தி இருக்கான்னு சொல்லுங்க."

கல்யாணப் பேச்சு முடிந்து பெரியவர்கள் உள்ளே இருந்தபோது நாங்கள் தனியாகப் பேசியது இவ்வளவுதான். அவர் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்தது. அந்தக் காதைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன் என்று என் தங்கை இன்றும் கேலி செய்வாள்.

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் அவருக்கு வேலை. மலையில் பனி உருகி ஆறு பெருகும் மாதங்களில் அங்கேயே தங்கி, சேறும் மரக்கிளையும் குழாய் வாயை அடைக்காமல் பார்த்துக்கொள்வார். ஆறு இறங்கியதும் பெட்டியோடு வந்து, ஊரில் உள்ள அலுவலகத்துக்குப் போவார். மாலையானால் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆஜர். வாடிக்கையாளர் எதிரிலேயே ஒவ்வொரு ஃபிரேமாகப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்கிறது என்பேன். சளைக்காமல் அடுத்ததை எடுப்பார். எங்கள் தாம்பத்தியத்தில் பாதி அந்தக் கடையில்தான் நடந்தது.

பிறகு ஆற்றின் கணக்கு மாறியது. மலையில் பனி குறைந்தது. விழுந்த கொஞ்சமும் கோடைக்கு முன்பே உருகி ஓடிவிட்டது. மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு ஆளைக் காணவில்லை. வெயில் காலத்தில் குழாய் வாய் அந்தரத்தில் நிற்க, பம்பை மிதவையில் ஏற்றி, தண்ணீர் ஒதுங்கும் பக்கமெல்லாம் நகர்த்தினார்கள். ஆறு ஏறினால் தேவைப்பட்டவர், இறங்கினாலும் தேவைப்பட்டார். எப்போதாவது வந்தால், பெட்டியைத் திறப்பதற்குள் அழைப்பு வந்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், அப்பா வந்தால் ஒரு ஆட்டோகிராஃப் வாங்கி வைக்கச் சொன்னாள்.

என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே. மென்று விழுங்கிவிடுவேன்.

இந்தக் கோடையில் அவருடைய கண்ணாடி மிதவையில் யார் காலிலோ மிதிபட்டு உடைந்தது. ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலே மங்கலாகத் தெரிவதாக ஃபோனில் கூச்சத்தோடு சொன்னார். லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும்போது மெஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடைக் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. ஊருக்கே தண்ணீர் அனுப்புகிறவரின் கண்ணாடிக்கு, நான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனைத்தான் கவிழ்த்தேன். கூரியரில் அனுப்பியிருக்கலாம். நான் பஸ் ஏறினேன்.

நிலைய வாசலில் அவருடைய மேலதிகாரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என் மகளைவிடச் சற்றே மூத்த பெண். என்னை அக்கா என்றாள். ஆறு பழையபடி ஆகும் என்று இனிமேல் நம்பி உட்கார முடியாதாம். அவருடைய வேலையை வருஷம் முழுக்க இங்கேயே தங்கும் வேலையாக மாற்றிவிட்டார்களாம். குடும்பத்தோடு தங்க வீடும் உண்டாம். "அண்ணன் இன்னும் கையெழுத்து போடலக்கா. நாளைக்குள்ள போடலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

இதை அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கரையில் நின்றவருக்கு நானே கண்ணாடியை மாட்டிவிட்டேன். அளவுகோலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தார். மெலிந்துவிட்டாய் என்றார். அது புது லென்ஸின் வேலை என்றேன்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாராம். ஊர் அலுவலகத்தில் ரசீது போடும் பிரிவில் இடம் இருக்கிறதாம், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாமாம். "உன்னைத் தனியா விட்டது போதும்" என்றார். சொல்லும்போதே பம்பின் சத்தம் லேசாக மாறியது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு மிதவைக்கு ஓடினார். எதையோ திருகி, காதை வைத்துக் கேட்டு, திருப்தியோடு திரும்பி வந்தார். முழங்கால் வரை சேறு. இந்த மனுஷனை ரசீதுகளுக்கு நடுவே உட்காரவைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கையெழுத்து போடுங்க. பாதை முழுகாத நாள்ல கடைக்கு நான் பஸ்ல போயிட்டு வரேன்." இத்தனை வருஷம் விழுங்கியதையும் சொல்லிவிட்டேன். "என்னையும் இங்க உங்ககூட வச்சுக்கங்க."